ஐயாவுக்கு ஏன் முகமூடி?

வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் அங்கிருந்து மருந்துகளை மட்டும் கொண்டு வருவதில்லை; விடை கிடைக்காத கேள்விகளையும் கொண்டு வருகின்றன. அவற்றை வைத்தியரிடம் கேட்க அவகாசம் இருப்பதில்லை. அவகாசம் இருந்தாலும் துணிவு வருவதில்லை. பின்னர் வீட்டிலே, விளக்கணைத்த பிறகு, அவை ஒவ்வொன்றாக எழுந்து உறக்கத்தைக் கெடுக்கின்றன. அத்தகைய கேள்விகளைத் தாங்கிய கடிதம் ஒன்று இவ்வாரம் எமக்குக் கிடைத்தது. எழுதியவர் ஒரு மகள். பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் முக்கிய பகுதியை இங்கே தருகிறோம்.

"எங்கள் ஐயாவுக்கு வயது அறுபத்திரண்டு. பருமனான தேகம். நிறை 104 கிலோகிராம், உயரம் 170 சென்ரிமீற்றர் என்று கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தார்கள். நியூமோனியாக் காய்ச்சல் கண்டு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு நாட்கள் தொண்டையிலே குழாயுடன் கிடந்தார். எட்டாம் நாட் காலை குழாயை எடுத்தார்கள். தாமாகவே மூச்சு விட்டார். என்னைக் கண்டு கையை அசைத்தார். எங்களுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது.

ஆனால், சற்று நேரத்துக்குள் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு முகமூடியை அவருக்கு வைத்து, வார்களால் இறுகக் கட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலிலும் அதே காய்ச்சலுடன் ஒருவர் இருந்தார். மெலிந்த மனிதர், பாடசாலை ஆசிரியர். அவருக்கும் அன்றுதான் குழாய் எடுத்தார்கள். அவருக்கு மூக்கிலே சிறு குழாய் மாத்திரந்தான். 'முகமூடி போட்டால் இனிக் கடைசிக் கட்டந்தான்' என்று மாமா சொன்னார்.

மாலையில் பார்க்கச் சென்றபோது, ஐயா முகமூடியைத் தொட்டுக் காட்டி, அவிழ்த்துவிடு என்று சைகை செய்தார். அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. வாரைத் தளர்த்தி, கொண்டுபோன கோப்பியில் இரண்டு கரண்டி பருக்கினார். ஐயாவுக்குப் புரையேறியது. இயந்திரம் கூவத் தொடங்கியது. தாதி ஓடி வந்து முகமூடியை மாட்டிவிட்டு, அம்மாவை வெளியே அனுப்பினார்.

ஐயா பிழைத்து வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. ஆனால் அம்மா இன்னும், 'நான் அவரைக் கொல்லப் பார்த்தேனோ' என்று கேட்டபடி இருக்கிறார். ஐயாவோ, 'பருத்தவன் என்றுதானே என் முகத்தைக் கட்டினார்கள்' என்று வெட்கப்பட்டுக் கிளினிக்குக்கும் போக மறுக்கிறார். சாகப் போகிறவர் என்று கட்டினார்களா? பருத்தவர் என்று கட்டினார்களா? நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய பிழை?"

கேள்விகள் மூன்று. நோயாளியைப் பார்வையிடாத நாம் அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் அவரைப் போன்ற தேகமும் நோயும் உடையவர்களுக்குக் குழாயை எடுத்தவுடன் முகமூடி பொருத்துவது ஏன் என்பதை விளக்கலாம். பொதுவாகக் கூறுமிடத்து, முதற் கேள்விக்கு விடை "இல்லை" என்பது. இரண்டாவதற்கு விடை "ஆம்" என்பது. ஆனால் ஐயா நினைக்கின்ற பொருளில் அன்று. மூன்றாவது கேள்விக்கு இறுதியில் வருவோம்.

குறைந்துபோகும் இருப்பு

நமது நுரையீரல்கள் தாமாக விரியும் ஆற்றல் உடையவை அல்ல. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே, கவிழ்த்த கிண்ணம் போல அமைந்துள்ளது பிரிமென்றகடு என்னும் தசை. அது சுருங்கிக் கீழிறங்கும்போது நெஞ்சறை விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. அமைதியாக இருக்கும் வளர்ந்த ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லீற்றர் காற்றை இழுத்து விடுகிறார். மூச்சை வெளியே விட்ட பின்னும் நுரையீரல் வெறுமையாகிவிடுவதில்லை. இரண்டு முதல் மூன்று லீற்றர் வரையான காற்று உள்ளேயே தங்கியிருக்கும்.

இந்த மிச்சக் காற்றை வீட்டின் இருப்பு அரிசிக்கு ஒப்பிடலாம். கடை பூட்டிய நாளிலே குடும்பத்தைக் காப்பது அந்த இருப்பல்லவா? அதுபோல, மூச்சு இடையறும் வேளையில் இரத்தத்துக்கு ஒட்சிசனை வழங்குவது இந்த இருப்புக் காற்றே. நுரையீரலிலுள்ள நுண்ணிய சிற்றறைகள் ஒட்டிப்போகாமல் அவற்றை விரித்து வைத்திருப்பதும் அதுவே.

பருத்த தேகமுடையவர் மல்லாந்து படுக்கும்போது, வயிற்றின் பாரம் பிரிமென்றகட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. மார்பின்மீதுள்ள கொழுப்பின் பாரம் விலா எலும்புகளை விரியவிடாமல் அமுக்குகிறது. இருப்புக் காற்றுக் குறைகிறது. நுரையீரலின் அடிப்பாகத்திலும் முதுகுப்புறத்திலும் உள்ள சிற்றறைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதைத் திறப்பது எத்துணைக் கடினம் என்பதைப் பலூன் ஊதிய பிள்ளைகள் அறிவார்கள். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். ஓரளவு விரிந்தபின் வேலை இலகுவாகும். நோயிற் படுத்த பருத்த மனிதரோ ஒவ்வொரு மூச்சிலும் முதல் ஊதலையே ஊதிக்கொண்டிருக்கிறார். அவருடைய தேகத்துக்கு வேண்டிய ஒட்சிசனும் அதிகம். இருப்புக் குறைவு, செலவு கூட என்பதுதான் அவருடைய நிலைமை.

இதனை அளந்து பார்த்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டவர்களைக் கொண்டு 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. முதலில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, பின்னர் மூச்சு நின்றிருக்கும்போது, இரத்தத்தின் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்குத் தொண்ணூறாக இறங்க எவ்வளவு நேரம் செல்கிறது என்று கணித்தார்கள். சாதாரண தேகமுடையோரில் சராசரி 364 விநாடிகள் சென்றன. மிகப் பருத்தவர்களில் 163 விநாடிகளே சென்றன. ஒருவருக்கு ஆறு நிமிடம். மற்றவருக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. குழாயை எடுத்தபின் களைப்பு மேலிட்டால், பக்கத்துக் கட்டில் ஆசிரியருக்கு உள்ள அவகாசம் இந்த ஐயாவுக்கு இல்லை என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை

இவ்விடத்தில் வேறொரு விடயத்தையும் அறிந்துகொள்வது நன்று. தேகத்தின் நிறை ஏறும்போது நுரையீரலும் கூடவே வளர்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு வளர்வதில்லை. நுரையீரலின் அளவு பெரும்பாலும் உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. ஆகவே குழாய் மூலம் இயந்திரம் செலுத்தும் காற்றின் அளவை வைத்தியர்கள் தராசைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அளவுநாடாவைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆணுக்கு அவர்கள் கணக்கிடும் நிறை ஏறத்தாழ 66 கிலோகிராம். கட்டிலிற் கிடப்பவர் 104 கிலோகிராம் இருந்தாலும் கணக்கு 66க்குத்தான்.

இதன் பயனை நாட்டிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 நோயாளிகளை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறினருக்கு, இவ்வாறு கணக்கிட்ட நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 12 மில்லிலீற்றர் வீதமும், மற்றவர்களுக்கு 6 மில்லிலீற்றர் வீதமும் காற்றுச் செலுத்தினார்கள். முதற் கூறில் நூற்றுக்கு 40 பேர் வரையில் இறந்தனர். இரண்டாங் கூறில் நூற்றுக்கு 31 பேர். அளவுக்கு மிஞ்சிய காற்றும் நஞ்சு என்பது அன்று விளங்கிற்று.

எனவே, உடல் நிறை ஒரே நோயாளியிடத்தில் இருவிதமாகக் கவனிக்கப்படுகிறது. எவ்வளவு காற்று என்பதற்கு உயரம் வழிகாட்டுகிறது. அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தத்தோடு தாங்கிப் பிடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கையில் பருமனும் கணக்கில் வருகிறது. முகமூடியின் வேலை இந்த இரண்டாவதைச் சேர்ந்தது.

முகமூடி செய்யும் வேலை

முகமூடியுடன் இணைந்த இயந்திரம் சற்றே அழுத்தம் கூடிய காற்றை இடைவிடாது அனுப்புகிறது. அந்த அழுத்தத்தை நீரின் ஆழத்தைக் கொண்டு அளப்பது வழக்கம். ஒரு குவளை நீரில் நாலங்குல ஆழத்துக்கு உறிஞ்சு குழாயை இறக்கி, குமிழி வரும்வரை ஊதிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த அழுத்தம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீர் அளவாகும். முகமூடிச் சுவாசத்திலே, மூச்சை வெளியே விடும்போது தங்கியிருக்கும் அழுத்தம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரையில் இருக்கும். மூச்சை இழுக்கும்போது இயந்திரம் அதற்குமேலும் சற்றுத் தள்ளிக் கொடுக்கும்.

தங்கியிருக்கும் அழுத்தம், சாயும் பந்தலுக்கு முட்டுக் கொடுத்ததுபோலச் சிற்றறைகளை ஒட்டவிடாமல் தாங்குகிறது. தள்ளிக் கொடுக்கும் அழுத்தம் களைத்த பிரிமென்றகட்டின் பாரத்தைப் பங்கிட்டுக் கொள்கிறது. தொண்டைக்குள் எதுவும் நுழைக்கப்படுவதில்லை. நோயாளி விழிப்புடன் இருக்கலாம். இருமிச் சளியை வெளியேற்றலாம். முகமூடியை எடுக்கும் இடைவேளைகளில் பேசலாம். குழாயினால் நேரக்கூடிய புதிய நியூமோனியாவுக்கும் இடம் குறைகிறது.

குழாயின்றிச் சுவாசத்துக்கு உதவும் எண்ணம் புதியதன்று. 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பிலிப் டிரிங்கர் என்பவர் அமைத்த "இரும்பு நுரையீரல்" என்னும் பெட்டிக்குள், இளம்பிள்ளை வாதத்தால் மூச்சிழந்த ஒரு சிறுமியைக் கிடத்தினார்கள். பின்னர் 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் அந்நோய் பெருகியபோது, பியோன் இப்சன் என்ற வைத்தியர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கிக் காற்றூட்டச் செய்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலே அந்தப் பைகளை அமுக்கினார்கள். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அந்த முயற்சியிலிருந்தே. அதன்பின் பல ஆண்டுகள் குழாயே ஆட்சி செய்தது.

முகமூடியின் மறுவரவு 1981ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சுத் தடைப்படும் ஐந்து நோயாளிகளுக்கு, மூக்கின் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி நிம்மதியாக உறங்கச் செய்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார்! 1995இல் ஐரோப்பிய வைத்தியர்கள், நாட்பட்ட சுவாச நோய் முற்றிய 85 பேரில் முகமூடியைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் குழாய் தேவைப்பட்டது. முகமூடி பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கே தேவைப்பட்டது. அதன்பின் முகமூடி உலகெங்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இடம் பெற்றது.

இரு கட்டில்கள், இரு சிகிச்சைகள்

அப்படியாயின், பக்கத்துக் கட்டில் ஆசிரியருக்கு ஏன் முகமூடி வைக்கவில்லை? இக்கேள்விக்குப் பிரான்சிலிருந்து நல்ல விடை கிடைத்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், குழாயை எடுத்தபின் மீண்டும் குழாய் இட நேரக்கூடிய அபாயமுள்ள 641 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். அல்லது நாட்பட்ட இருதய நோயோ சுவாச நோயோ உடையவர்கள். ஒரு சாராருக்கு மூக்குக் குழாய் வழியே வேகமாகப் பாயும் ஒட்சிசன் மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதனோடு முகமூடிச் சுவாசத்தையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஏழு நாட்களுக்குள் மீண்டும் குழாய் இடவேண்டி வந்தவர்கள் முதற் சாராரில் நூற்றுக்கு 18 பேர்; இரண்டாஞ் சாராரில் 12 பேர்.

பின்னர் அந்த ஆய்வாளர்கள் அதே நோயாளிகளை நிறையின்படி பிரித்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்தக் கணக்கு நமது கேள்விக்கு நேரே வருகிறது. நிறை மிகுந்தவர்களில், மூக்கு ஒட்சிசன் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 20 பேருக்கு மீண்டும் குழாய் தேவைப்பட்டது. முகமூடியும் பெற்றோரில் நூற்றுக்கு 7 பேருக்கே தேவைப்பட்டது. சாதாரண நிறையுடையோரிலும் மெலிந்தோரிலும் அத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

முடிந்த ஆய்வைப் பின்னர் பிரித்துப் பார்த்துக் கூறும் முடிவு ஒரு குறிப்பேயன்றி உறுதியான சான்றாகாது. எனவே பருத்தவர்களுக்கென்றே தனியாக ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2023இல் வெளியிடப்பட்டது. பிரான்சின் 39 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 981 நோயாளிகள் இதிற் பங்குபற்றினர். குழாயை எடுத்தபின் ஒட்சிசன் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 26 அல்லது 27 பேரளவில் சிகிச்சை தோல்வியுற்றது. முகமூடி பெற்றோரில் நூற்றுக்கு 13 அல்லது 14 பேரளவிலேயே தோல்வியுற்றது. தோல்வி என்பது மூன்று நாட்களுக்குள் மீண்டும் குழாய் இட நேர்தல், மற்றைய சிகிச்சைக்கு மாற்ற நேர்தல், அல்லது தொடங்கியதை இடையிலே நிறுத்த நேர்தல் ஆகும். தோல்வி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பது சிறிய செய்தியன்று.

ஆகவே அந்த இரு கட்டில்களில் ஒருவர் தேறுகிறார், மற்றவர் சாகிறார் என்று எண்ணியது தவறு. இருவருக்கும் ஒரே நோய், தேகம் வேறு, அதனால் உதவியும் வேறு.

முட்டுமுன் கொடுக்கும் முட்டு

"ஐயா நன்றாகத்தானே மூச்சு விட்டார், அப்படியிருக்க உடனே ஏன் கட்டினார்கள்?" என்று மகள் கேட்கலாம். நன்றாக மூச்சு விட்டபோது கட்டியதே நல்லது. இதற்கு வேறோர் ஆய்வு சாட்சி. 2004இல் வெளியான அந்த ஆய்வில், எட்டு நாடுகளைச் சேர்ந்த 221 நோயாளிகள் இருந்தனர். இவர்கள் பருத்தவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; குழாய் எடுத்தபின் மூச்சுத் திணறத் தொடங்கிவிட்டவர்கள். அந்நிலையில் முகமூடி பெற்றோரில் நூற்றுக்கு 25 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 14 பேர் இறந்தனர். முகமூடியை நம்பிக் காத்திருந்ததால், மீண்டும் குழாய் இடுவது பல மணி நேரம் தாமதமாயிற்று என்பதே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது.

சுவர் சரியத் தொடங்கியபின் வைக்கும் முட்டுக்கும், சரியுமுன் வைக்கும் முட்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! பாரமான தேகமுடைய ஒருவருக்குக் குழாயை எடுத்த சற்று நேரத்தில் முகமூடி வைப்பது, அவர் தோற்றுவிட்டார் என்பதன் அடையாளமன்று. தோற்கவிடக் கூடாது என்ற முன்னேற்பாடு. "கடைசிக் கட்டம்" என்று மாமா சொன்னதை வீட்டார் மறந்துவிடலாம்.

எனினும் முகமூடி எல்லோருக்கும் ஏற்றதன்று. நினைவிழந்தவர், ஓயாது வாந்தியெடுப்பவர், சளியை இருமித் துப்ப இயலாதவர், முகத்தில் காயமுடையவர் ஆகியோருக்கு அது தீங்கு செய்யலாம். முகமூடியோடும் நோயாளி களைத்துப் போனால், வைத்தியர் தயங்காது குழாயை நாடவேண்டும். அப்படி நேர்ந்தால், அதனைக் குடும்பத்தார் வைத்தியரின் தவறென்று கருதலாகாது.

குறட்டையை மறைக்க வேண்டாம்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய "பிக்விக்" நாவலிலே ஜோ என்னும் கொழுத்த பையன் வருகிறான். எந்நேரமும் உறங்கி விழுவான். உறக்கத்திற் குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். 1956இல் அமெரிக்க வைத்தியர் பேர்வெல்லும் அவருடைய சகாக்களும் அந்தப் பையனின் நினைவாக ஒரு நோய்க்குப் பெயரிட்டார்கள். அவர்களிடம் வந்த பருத்த நோயாளி ஒருவர், சீட்டாட்டத்தில் மூன்று ஏசுகளும் இரண்டு ராசாக்களும் கையில் வந்திருந்த வேளையிலே பணயம் வைக்காமல் உறங்கிப்போனாராம். அவருடைய சோம்பல் சோம்பலே அன்று. பருமனால் மூச்சு ஆழம் குறைந்து, காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்கியதன் விளைவு அது.

நம்மவர்கள் குறட்டையை நகைப்புக்குரிய பொருளாகவும், பகலுறக்கத்தைச் சோம்பலாகவும் கொள்கிறார்கள். அதனால் வைத்தியரிடம் அதைச் சொல்வதில்லை. ஆனால், இவ்வகை நோயாளிகளுக்கு ஒட்சிசனை மட்டும் அளவின்றிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு மேலும் கூடக்கூடும். முகமூடிச் சுவாசம் அதனை வெளியேற்ற உதவுகிறது. ஆகவே, "வீடே அதிரக் குறட்டை விடுவார், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவார்" என்று மனைவி சொல்லும் ஒரு வாக்கியம் வைத்தியருக்குப் பெரிய துணையாகலாம்.

வெட்கத்துக்கு இடமில்லை

இப்போது ஐயாவின் மனக்குறைக்கு வருவோம். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரிற் கூறிய உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. அவருக்கு அது 36. பிரெஞ்சு ஆய்வுகளில் 30க்கு மேற்பட்டோரைப் பருத்தவர் என்றார்கள். ஆசிய மக்களிடம் இதற்குக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இருதய நோயும் தலைகாட்டுகின்றன. ஆதலால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் ஆசியருக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாகக் குறிப்பிட்டார்கள். இதனை நமது வாசகர்கள் தமக்கும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால், நோயிற் கிடக்கும்போது நிறை என்பது குற்றப்பத்திரிகையன்று. தையற்காரருக்கு உடலின் அளவு எப்படியோ, அப்படியே சிகிச்சையளிப்பவருக்கு நிறையும் உயரமும். உறவினர்கள் இரக்கத்தாலோ கூச்சத்தாலோ நிறையைக் குறைத்துச் சொல்வதுண்டு. அது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. "பருத்தவன் என்றுதானே கட்டினார்கள்" என்று ஐயா சொல்வது உண்மையே. அந்தக் கட்டுத்தான் அவர் தேகத்தின் பாரத்தை அவருடைய மூச்சிலிருந்து சிறிது இறக்கி வைத்தது.

வீட்டார் செய்யக்கூடியவை

இத்தகைய நோயாளி வீட்டில் ஒருவர் இருந்தால் சில விடயங்களை நினைவில் வைத்திருங்கள். நிறை, உயரம், குறட்டை, பகலுறக்கம் ஆகியவற்றை முதல் நாளே சொல்லுங்கள். உறக்கத்துக்கு உதவும் சுவாசக் கருவி வீட்டில் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பது வயிற்றின் பாரத்தைப் பிரிமென்றகட்டிலிருந்து விலக்குவதற்கே. கால் நீட்டிப் படுக்கட்டும் என்று கட்டிலைத் தாழ்த்தாதீர்கள். முகமூடி வலித்தால் தாதியிடம் கூறுங்கள். அளவு மாற்றலாம், வாரைச் சீர்செய்யலாம், மூக்குத் தண்டுக்குப் பஞ்சணை வைக்கலாம், வைத்தியர் இசைந்தால் இடைவேளையும் கொடுக்கலாம். நீங்களாக அவிழ்க்க வேண்டாம். கேளாமல் ஒரு சொட்டு நீரும் பருக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்கள் மூச்சுக்கு உதவி, சில நாட்களுக்குத்தான்" என்று திரும்பத் திரும்பக் கூறுங்கள். முகத்தை மூடிய கருவிக்குள் பயந்து கிடப்பவருக்கு அறிந்த குரலும் ஒரு மருந்துதான்.

இனி, அம்மாவின் கேள்வி. பல நாட்கள் குழாய் இருந்த தொண்டை விழுங்கும் பழக்கத்தை உடனே மீட்டுக்கொள்வதில்லை. அப்போது பருக்கிய கோப்பி நுரையீரலுக்குள் இறங்கினால் புதிய நியூமோனியா உண்டாகலாம். அழுத்தக் காற்றும் திடீரென நின்றால் சிற்றறைகள் ஒட்டலாம். எனவே அது அபாயமான காரியமே. பிழையில்லை என்று பொய் சொல்லி அவரைத் தேற்ற நாம் விரும்பவில்லை. ஆயினும் கொல்லப் பார்த்தவர் கரண்டியால் கோப்பி பருக்குவதில்லை. முகமூடி என்னவென்று ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. மாமா சொன்ன ஒரே விளக்கம் மரணம். அந்த விளக்கத்தை நம்பிய ஒரு மனைவி, கணவனின் கடைசி ஆசையென்று நினைத்துச் செய்த காரியம் அது. இரண்டு நிமிடம் செலவிட்டு யாரேனும் விளக்கியிருந்தால் அவர் கை அந்த வாரைத் தொட்டிராது. சிகிச்சையளிப்போரும் இதனைக் கவனிக்க வேண்டும்.

மகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐயாவும் கேட்கும்படி சற்று உரக்க வாசியுங்கள். அடுத்த கிளினிக் நாளன்று இருவரையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். குறட்டையைப் பற்றி ஐயா சொல்ல மறந்தாலும், அம்மா சொல்வார்.